பூட்டி வைத்த சாட்சியம்

திருட்டு வழக்கில் ஒரு கூலித் தொழிலாளி பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். சம்பவ நேரத்தில் அவன் வேலையில் இருந்ததை வருகைப் பதிவேடு சொல்கிறது. அந்தப் பதிவேட்டைப் போலீசார் எடுத்துப் போனார்கள். குற்றப்பத்திரிகையிலோ அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவனை விடுவிக்கும் சாட்சியம் சர்க்கார் பீரோவில். அவன் திகார் சிறையில். இதுவா நீதி?

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆஜரான 14 நாளுக்குள் வழக்கு நகல்களைக் கொடுக்கச் சொல்கிறது. நல்லதே. ஆனால் எந்த நகல்கள்? அரசுத் தரப்பு தன் வழக்குக்கு ஆதாரமாகக் காட்டும் ஆவணங்கள்தான். ஒதுக்கி வைத்தவற்றைப் பற்றிப் பழைய சட்டத்தைப் போலவே புதிய சட்டமும் வாய் திறக்கவில்லை.

சுப்ரீம் கோர்ட் வாய் திறந்திருக்கிறது. ஒதுக்கிய ஆவணங்களையும் பார்வையிடும் உரிமை உண்டென்று 2012இல் வி.கே. சசிகலா வழக்கில் கூறியது. அவற்றின் பட்டியலைக் கொடுக்க வேண்டுமென 2021இல் மாதிரி விதிகள் வகுத்தது. 2022இல் மனோஜ் வழக்கிலும் அதை வலியுறுத்தியது. பெரிய வக்கீல்களை அமர்த்த வசதியுள்ளவர் இந்தத் தீர்ப்புகளைக் காட்டி வாதாடுவார். குடிசைவாசி என்ன செய்வான்? இன்னது இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்?

பட்டியலின் அருமையை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2025 ஜூன் 1 அன்று மதராசி கேம்ப் இடிக்கப்பட்டபோது, சுமார் 370 வீடுகளில் நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியானவை என்று பட்டியலில் ஏறியவை 189. ஒரு காகிதத்தில் பேர் இருப்பதும் இல்லாததும் குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து மைக்கேல் மார்ட்டன், மனைவியைக் கொன்றதாக 1987இல் தண்டிக்கப்பட்டு ஏறத்தாழ 25 ஆண்டுகள் சிறையில் கிடந்தார். அப்பா வீட்டில் இல்லையென்று மூன்று வயது மகன் சொன்ன விவரம் அவருடைய வக்கீல்களுக்குக் கொடுக்கப்படவில்லை. 2011இல் டி.என்.ஏ. பரிசோதனை அவரை மீட்டது. 2013இல் அவர் பெயராலேயே அங்கே சட்டம் வந்தது: அரசுத் தரப்பு கோப்பைத் திறந்து காட்ட வேண்டும், காட்டியதை எழுத்தில் பதிய வேண்டும்.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி சிறையில் இருந்தோரில் நூற்றுக்கு 75 பேர் தீர்ப்புக்குக் காத்திருந்த விசாரணைக் கைதிகள். அரசு வக்கீலின் கடமை எப்பாடுபட்டாவது தண்டனை வாங்குவதல்ல. உண்மையைக் கோர்ட்டின் முன் வைப்பது. ஆகவே, ஒதுக்கிய ஆவணங்களின் பட்டியலையும் குற்றப்பத்திரிகையோடு தர வேண்டுமென்று பாராளுமன்றம் சன்ஹிதாவைத் திருத்த வேண்டும். மறைப்போருக்குத் தண்டனையும் வைக்க வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

அதுவரை தோழர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி சலுகையல்ல, உரிமை. நம்மவர் யார் மீதாவது வழக்கு வந்தால், சட்ட உதவி வக்கீலிடம் முதல் நாளே சொல்லுங்கள்: போலீசார் கைப்பற்றிய எல்லாவற்றின் பட்டியலையும் எழுத்து மூலம் கேளுங்கள் என்று. கேட்காத உரிமை கிடைக்காது.