எடை குறைந்தது, ஆயுள்?

மகாராஷ்டிரத்து விநாயகர் ஊர்வலங்களில் பேஞ்சோ கோஷ்டிகளுக்குத் தனி மவுசு. பெயர்தான் பேஞ்சோ, வாத்தியம் என்னவோ டைப்ரைட்டர் மாதிரி பொத்தான் வைத்த நம் புல்புல்தாராதான். அதன் தந்தி ஒலியை ஆம்ப்ளிஃபயருக்குள் செலுத்தி, வண்டியில் அடுக்கிய ஸ்பீக்கர்கள் வழியே தெருவை அதிர வைப்பார்கள். கொட்டும் மழை, ஜெனரேட்டர் கரண்ட், தூசி, மணிக்கணக்கில் முழு சத்தம். புனேயில் கடைசி நாள் ஊர்வலம் ஓய்வதற்கு 24 மணி நேரத்துக்கு மேல் ஆவது வழக்கமாகிவிட்டது. ஆம்ப்ளிஃபயருக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது.

இந்தப் பரீட்சைக்கு இன்று ஒல்லிப்பிச்சான்களும் வருகின்றன. 1969இல் அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் கொண்டுவந்த 300 வாட் பேஸ் கிடார் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் நீங்கலாகவே 35 கிலோவுக்கு மேல். இப்போது 500 வாட் பெட்டி இரண்டு கிலோவுக்கும் குறைவாகக் கிடைக்கிறது. தோள்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறலாம்.

எடை எங்கே போனது? பழைய பெட்டியின் கனத்தில் பெரும்பங்கு இரும்பு டிரான்ஸ்ஃபார்மருடையது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. அந்த வேகத்துக்குப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். புதிய பெட்டியோ மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி அனுப்புகிறது. அதற்குச் சின்ன டிரான்ஸ்ஃபார்மரே போதும். ஒலியைப் பெருக்கும் 'கிளாஸ் டி' சர்க்யூட்டும் சுவிட்ச் மாதிரி வேலை செய்வதால் வெப்பமாக வீணாகும் மின்சாரம் குறைவு. கனத்த அலுமினியத் தகடுகளும் தேவையில்லை.

ஆக, லேசானது என்பதாலேயே அற்பாயுசு என்று சொல்ல முடியாது. வால்வுகள் தேயும், பழைய பெட்டியிலும் கெப்பாசிட்டர்கள் வற்றிப்போகும். புதியதற்கும் எதிரிகள் உண்டு. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. குட்டிப் பெட்டிக்குள் காற்றாடி இழுத்துச் சேர்க்கும் தூசி, மழைக்கால ஈரத்தோடு கூட்டணி வைத்தால் வினைதான். ஜெனரேட்டரின் வோல்டேஜ் எகிறினால் முதல் அடி பவர் சப்ளைக்கு.

உண்மையான வித்தியாசம், பழுதான பிறகுதான் தெரியும். புனே புத்வார் பேட்டில் தபகீர் கல்லி இருக்கிறது. பெயருக்கு மூக்குப்பொடிச் சந்து. விற்பது மின்சார, எலக்ட்ரானிக் சாமான்கள். சென்னைக்கு ரிச்சி தெரு மாதிரி. கருகிய டிரான்சிஸ்டரையும் வற்றிய கெப்பாசிட்டரையும் இத்தகைய தெருக்களில் வாங்கி, சால்டரிங் அயர்னால் பற்றவைத்தே பழைய ஆம்ப்ளிஃபயர்கள் பல பத்தாண்டுகள் வாழ்ந்தன. புதியவற்றில் பாகங்கள் அரிசிமணியைவிடச் சிறியவை. சர்க்யூட் வரைபடத்தைப் பல கம்பெனிகள் வெளியே விடுவதில்லை. மெக்கானிக் கையை விரிப்பார்; போர்டையே மாற்ற வேண்டும். அந்த மாடல் நின்றுபோயிருந்தால் போர்டும் கிடைக்காது. ஒரு நூறு ரூபாய் பாகத்துக்காக முழுப் பெட்டியும் காயலான் கடைக்கு.

பத்து நாள் சீசனில் வருஷத்துக்குச் சம்பாதிக்கும் கலைஞனுக்கு இது பொழுதுபோக்குப் பிரச்சினை அல்ல, பிழைப்பு. 2022இல் மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றிக் குழு அமைத்தபோது விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டது. வாத்தியக்காரரின் பெட்டியைத் தனியாக யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

சட்டம் வரும் வரை கடைக்காரரிடம் நாம்தான் கேட்க வேண்டும். எத்தனை வாட், எத்தனை கிலோ என்பதோடு இன்னும் மூன்று கேள்விகள்: வாரண்டி முடிந்த பிறகு போர்டு கிடைக்குமா, எத்தனை வருஷத்துக்கு, இந்த ஊரில் யார் பழுது பார்ப்பார்? பதில் மழுப்பலாக வந்தால், தோளில் குறையும் சுமை பின்னால் பர்ஸில் ஏறும்.