கடைமடைக் கல்லூரியும் கூடைப்பந்தும்

போன மாதம் நான் வேலை பார்த்த கல்லூரியில் ஒரு விழா. அழைத்திருந்தார்கள், போனேன். விழா முடிந்ததும் கால் தன்னாலே கூடைப்பந்து கோர்ட் பக்கம் போயிற்று. ஒரு பக்கம் ரிங்கே இல்லை. மறுபக்கம் போர்டு விரிசல் விட்டு நிற்கிறது. நடுவில் வரிசையாகப் பைக்குகள். பிசிகல் டைரக்டராக 27 வருஷம் நான் விசில் ஊதிய இடம் அது.

"டீம் இல்லையா?" என்று கேட்டேன். "நல்லா ஆடுற பசங்க எங்க சார் நம்மகிட்ட வர்றாங்க? பிளஸ் டூ பரீட்சை முடியறதுக்குள்ள வெளியூர்ல இருந்து போன் வந்துடுது" என்றார் இப்போது பொறுப்பில் இருக்கும் தம்பி.

அன்று இரவு சரியாகத் தூக்கம் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். போகிற பையன்களைக் குறை சொல்ல வரவில்லை. அவர்களைப் போகவைக்கும் விதியைத்தான் குறை சொல்கிறேன்.

விதி இதுதான். ஏ.ஐ.யு. என்கிற இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஓர் அணி. கூடைப்பந்து என்றால் 12 பேர். முதலில் தென் மண்டலம், அதில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை, கரூர் என்று பரந்து கிடக்கும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். அத்தனைக்கும் சேர்த்து 12 இடம். ஒரே வளாகத்துக்குள் அடங்கிய ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் 12 இடம்.

இந்த விதி பிறந்த காலத்தில் அது நியாயமாக இருந்தது. 1982-ல் பாரதிதாசன் வரும்வரை நம் கும்பகோணம் அரசுக் கல்லூரி, தஞ்சை சரபோஜி, பூண்டி புஷ்பம் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான். எதிரே வந்தவர்களும் மைசூர், கேரளா, ஆந்திரா, உஸ்மானியா என்று நம்மைப் போலவே பல கல்லூரிகளைக் கட்டி மேய்த்தவர்கள். சிதம்பரத்தில் அண்ணாமலை மட்டும் ஒரே வளாகம், அது ஒரு விதிவிலக்கு. 2000-க்குப் பிறகு நிகர்நிலையும் தனியார் பல்கலைக்கழகமும் பெருகின. விதிவிலக்காக இருந்தது வழக்கமாகிவிட்டது. விதி மட்டும் அப்படியே நிற்கிறது.

இது சென்னைக்கும் தஞ்சைக்கும் சண்டை என்று நினைக்க வேண்டாம். நம் திருமலைசமுத்திரம் சாஸ்த்ராவும் வல்லம் பெரியார் மணியம்மையும் நிகர்நிலைதான். வடக்கிலும் இதே கதை. விளையாட்டில் சிறந்த பல்கலைக்கழகத்துக்கு மத்திய அரசு தரும் மௌலானா ஆசாத் கோப்பையை அமிர்தசரஸின் குருநானக் தேவ், பாட்டியாலாவின் பஞ்சாபி என்று அரசுப் பல்கலைக்கழகங்களே பல வருஷம் மாறி மாறி வாங்கிக்கொண்டிருந்தன. 2024-க்கான கோப்பை, 2012-ல் தொடங்கிய சண்டிகர் பல்கலைக்கழகம் என்ற தனியாருக்குப் போனது. இரண்டாவது இடம் இன்னொரு தனியாரான லவ்லி புரொஃபஷனலுக்கு.

"கோப்பை யாருக்குப் போனால் என்ன?" என்று கேட்கலாம். கோப்பை போகட்டும், ஃபாரம்-3 என்று ஒரு காகிதம் இருக்கிறது. அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கும்போது, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்குக் காட்ட வேண்டிய சான்றிதழ் அது. கல்லூரிக்காக மூன்று வருஷம் வெயிலில் ஆடினாலும், அந்த 12 பேரில் வராதவனுக்கு அந்தக் காகிதம் கிடையாது. ரயில்வேயோ, வங்கியோ, போலீஸோ, நம் ஊர்ப் பையனுக்கு அதுதான் கதவு.

2011-ல் என்னிடம் ஒரு பையன் இருந்தான். ஒரத்தநாடு பக்கம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் குத்தகை நிலம். பந்தையே தொடாமல் வந்தவனை ஒரு வருஷத்தில் நல்ல பாயிண்ட் கார்டாக ஆக்கினேன். ஷூ என் காசில். பல்கலைக்கழகத் தேர்வில் பதிமூன்றாவது ஆளாக நின்றுவிட்டான். இரண்டே மாதத்தில் வெளியூர் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆள் வந்தார்கள். ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் இலவசம், தினம் முட்டையும் பாலும். முதல் வருஷத்திலிருந்து மறுபடி சேர வேண்டும், அவ்வளவுதான். அவன் அப்பா கல்லூரிக்கு வந்து, "நீங்க சொல்றபடி செய்றோம் சார்" என்று நின்றார். போகச் சொன்னேன். டி.சி.க்கு நானே கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். இன்று அவன் ரயில்வேயில் இருக்கிறான், பொங்கலுக்குப் பொங்கல் வந்து பார்க்கிறான். நான் செய்தது சரி. ஆனால் அடுத்த வருஷம் எங்கள் அணியில் ஏழு பேர்தான். அதற்கடுத்த வருஷம் அணியே இல்லை.

அமெரிக்காவிலும் இதுதான் நடக்கிறது. 2022 மார்ச்சில் நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். பக்கத்திலேயே ஜெர்சி சிட்டியில் செயின்ட் பீட்டர்ஸ் என்று ஒரு சின்னப் பல்கலைக்கழகம், நம் தஞ்சை செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியின் பெயர்தான். அவர்களுடைய தேசியப் போட்டியில் கென்டக்கி என்ற பெரிய ஜாம்பவானை அது வீழ்த்தி, கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தது. தெருவெல்லாம் கொண்டாட்டம். போட்டி முடிந்த சில நாளில் கோச் பெரிய இடத்துக்குப் போய்விட்டார். முக்கியமான ஆட்டக்காரர்கள் பலரும் அந்தக் கோடையிலேயே வேறு இடம் மாறினார்கள்.

அங்கே டி.வி. பணம் கொழிக்கும் பெரிய பல்கலைக்கழகக் கூட்டணிகளை பவர் கான்ஃபரன்ஸ் என்கிறார்கள். 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-ல் நீதிமன்ற சமரசத்துக்குப் பிறகு பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாயிற்று. அந்த வருஷம் தேசியப் போட்டியில் மிஞ்சிய 16 அணிகளும் நான்கே நான்கு கூட்டணிகளைச் சேர்ந்தவை. சின்னக் கல்லூரிகளுக்கு மிச்சமானது ஆள் பழக்கி அனுப்பும் வேலைதான். வீரனுக்குப் பணம் கிடைப்பது நியாயம். பழக்கிய இடத்துக்கு ஒன்றும் இல்லை என்பதுதான் அநியாயம்.

"திறமை எங்கே வசதி இருக்கோ அங்கே போகும், அது இயற்கை" என்று என் நண்பர் ஒருவர் வாதிடுகிறார். அவரும் விவசாயிதான். நான் கேட்டேன்: மேலே இருப்பவன் அணை கட்டித் தண்ணீரை நிறுத்திக்கொண்டால் அதையும் இயற்கை என்று விட்டுவிட்டோமா? நடுவர் மன்றம் போனோம், உச்ச நீதிமன்றம் போனோம். நதி எந்த ஒரு மாநிலத்துக்கும் தனிச் சொத்தல்ல என்று 2018-ல் தீர்ப்பு வாங்கினோம். நம் வாய்க்காலிலேயே தலைமடைக்காரன் மதகைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தால் கடைமடைக்காரன் மண்வெட்டியோடு வந்து நிற்பான். முறை வைத்துத்தானே பாய்ச்சுகிறோம்? பையன்கள் விஷயத்தில் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

நான் கேட்பது மூன்று. ஒன்று, நூறு கல்லூரி வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு மண்டலப் போட்டியில் ஓர் அணிக்கு மேல் அனுமதி வேண்டும். தஞ்சை, திருவாரூர் பக்கத்துக்கு ஒன்று, திருச்சி பக்கத்துக்கு ஒன்று என்று பிரிக்கலாம். இரண்டு, ஒரு கல்லூரியில் பழகிய பையனை இன்னொரு இடம் எடுத்தால், பழக்கிய கல்லூரிக்குப் பயிற்சிச் செலவு தர வேண்டும். கால்பந்தில் ஃபிஃபா இதைத்தான் செய்கிறது. வீரன் கைமாறும் தொகையில் நூற்றுக்கு ஐந்து, அவனைச் சிறு வயதில் வளர்த்த கிளப்புகளுக்குப் போகிறது. மூன்று, அரசுக் கல்லூரியிலும் உதவி பெறும் கல்லூரியிலும் பிசிகல் டைரக்டர் இடத்தைக் காலியாகப் போட்டுவைக்கக் கூடாது. நான் ஓய்வு பெற்ற இடத்தில் இன்னும் பொறுப்பு ஆள்தான்.

டெல்டாவில் படித்த நீங்கள் எல்லோரும் ஏதோ ஒரு கல்லூரியின் பழைய மாணவர்தான். அந்தக் கோர்ட்டை ஒருமுறை போய்ப் பாருங்கள். ரிங் இல்லையென்றால் வாங்கிப் போடுங்கள், கூடவே ஏ.ஐ.யு.வுக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். நான் இரண்டையும் செய்துவிட்டேன். ரிங் அடுத்த வாரம் வருகிறது. கடிதத்துக்குப் பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.