ஆங்கிலத்தில் ஆசைப்படுவது

சில வருஷங்களுக்கு முன், நோயாய்ப் படுத்திருந்த ஒரு பெரியவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். அவர் சீக்கிரம் குணமடைய வேண்டுமே என்ற தவிப்பில், 'ஐ விஷ் யூ வுட் ரெகவர் ஸூன்' என்று எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். அவர் தேறி எழுந்த பிறகு என்னைக் கண்டதும், "ஏனப்பா, நான் பிழைக்கமாட்டேன் என்று நீயே தீர்மானித்துவிட்டாயாக்கும்!" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தமிழில் நமக்கு 'வேண்டும்' ஒன்றே போதும். குழந்தை முறுக்குக் கேட்பதும், பக்தன் முக்தி கேட்பதும் அந்த ஒரே சொல்லால்தான். ஆங்கிலத்திலோ, நடக்கும் என்று எதிர்பார்க்கிற ஆசைக்கு 'ஐ ஹோப்' என்று சொல்ல வேண்டும். 'ஐ விஷ்' என்று ஆரம்பித்து அதன்பின் ஒரு முழு வாக்கியத்தைக் கோத்தால், 'அப்படி இல்லையே, நடக்காது போலிருக்கிறதே' என்ற ஏக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே இன்றைய ஆசைக்கும் இறந்தகால வினை வருகிறது. 'ஐ விஷ் ஐ குட் ஸ்விம்' என்பவனுக்கு நீந்தத் தெரியாது. (கரையில் நிற்பவன்தான் இதைச் சொல்வான், ஆற்றில் விழுந்தவனுக்கு இலக்கணம் பார்க்க அவகாசம் ஏது?) நாமும் 'நீந்தத் தெரிந்திருந்தால் தேவலையே' என்றுதானே சொல்லுகிறோம்! ஆனால் 'ஐ விஷ் யூ எ ஸ்பீடி ரெகவரி' என்பது வாழ்த்து. அதில் அபாயம் இல்லை.

'வாண்ட்' என்ற சொல்லுக்கு ஆதியில் 'இல்லாமை' என்றே பொருள். இல்லாததை விரும்புவது என்ற பொருள் பிற்பாடு வந்தது. பிறர் வீட்டில் 'ஐ வாண்ட் காபி' என்றால் அதிகாரம் செய்வதாகும். 'ஐ வுட் லைக்' மரியாதை. ஆசை மிகுந்தால் 'ஐ வுட் லவ்'.

அதற்கும் மேலே போனால் உயிரையே விட வேண்டியதுதான். பேரனைப் பார்க்கத் துடிக்கும் பாட்டி, 'ஐ ஆம் டையிங் டு ஸீ ஹிம்' என்று தாராளமாகச் சொல்லலாம். காப்பிக்கு உயிரை விடுகிறவர்கள் நம்மிலும் உண்டு. அவர்கள் 'டையிங் ஃபார் காபி'. 'டையிங் ஆஃப் ஃபீவர்' என்றாலோ வைத்தியரை அழைக்க வேண்டும். ஒரு சின்ன இடைச்சொல்லில் உயிர் ஊசலாடுகிறது, பாருங்கள்!

மறு வருஷமும் அந்தப் பெரியவர் படுத்துக்கொண்டார். 'ஐ ஹோப் யூ வில் ஸூன் பி வெல்' என்று எழுதியிருக்கலாம். நான் தமிழிலேயே எழுதினேன்.