பைப் எண்டா பைப்தானே!

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு புதுவீடு குடிபுகுதல். பால் காய்ச்சி, மத்தியானச் சாப்பாடும் முடிந்த பிறகு, வந்த ஆண்கள் எல்லோரும் வழக்கம்போல பேஸ்மென்ற் பார்க்க இறங்கினோம். உடுப்பு காயவைக்கும் புத்தம்புது ட்றையர். அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு வெள்ளித்தாள் குழாய், இரண்டு மூன்று இடத்தில் நசுங்கி, வளைந்து, கடைசியில் சாம்பல் நிற டக்ட் ரேப்பால் சுவர்க் குழாயோடு ஒட்டப்பட்டுக் கிடந்தது. "தம்பி, இதை மாத்தவேணும்" என்றேன்.

பூட்டியவர் பக்கத்திலேயே நின்றார். எங்கள் ஆட்களில் எந்த வீட்டுக்கும் இப்படி ஒருவர் இருப்பார். கரண்ட் வேலையும் தெரியும், தண்ணிக் குழாயும் தெரியும், நிலத்துக்கு ஓடும் பதிப்பார், வீட்டுக் கடன் வட்டி எப்ப இறங்கும் என்றும் சொல்லுவார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணை, பைப் எண்டா பைப்தானே? காத்து வெளியில போனாச் சரி." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்களில் ஒருவர் பொறியியல் படித்தவர்.

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிற்று. குளிர்சாதனப் பெட்டிக்குப் பத்து விமர்சனம் வாசிப்பவர்கள், பிள்ளையின் கார் இருக்கைக்கு இரவிரவாக ஆராய்ச்சி செய்பவர்கள், தாங்கள் நித்திரை கொள்ளும் வீட்டுக்குள் சூடும் உடுப்பிலிருந்து உதிரும் பஞ்சும் ஒன்றாக ஓடுகிற குழாயை மட்டும் கடைத் தட்டில் எது முதலில் கையில் படுகிறதோ அதை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இங்கே மின்சார ட்றையர் வாங்கினால் பெரும்பாலும் அதற்குள் குழாய் இராது. நீங்களே வாங்கவேணும். அந்த நிமிடத்தில்தான் பைப் எண்டா பைப் என்ற தத்துவம் காசாளர் மேசைக்கு வருகிறது.

இந்தத் தத்துவத்துக்கு நான் வைத்திருக்கும் மறுமொழி ஒன்றுதான்: வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய். பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். சுருள் கம்பிக்கு மேல் மெல்லிய வினைல் போர்த்தியது. அதுவும் குழாய்தான். அதற்குள்ளாலும் காற்று வெளியில் போனதுதான். ஒரு காலத்தில் வீடு வீடாகப் பூட்டினார்கள். பிறகுதான் உறைத்தது, பஞ்சு பற்றிக்கொண்டால் குழாயே உருகி எரிகிறது என்று. இன்றைக்கு அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகள் அதை ஏற்பதில்லை. ட்றையர் செய்யும் நிறுவனங்களின் கையேடுகள், பிளாஸ்டிக்கும் வேண்டாம், அலுமினியத் தாளால் செய்த குழாயும் வேண்டாம் என்று தடித்த எழுத்தில் அச்சடிக்கின்றன. அந்தக் கையேடு ட்றையரின் வயிற்றுக்குள் பொலித்தீன் பையில் கிடக்கும். அதை யார் எடுத்து வாசிக்கிறார்கள்? பையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் மெஷினை ஓடவிடுவோம்.

"கடையில விக்கிறான்தானே?" என்பது அடுத்த வாதம். வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயையும் கடையில்தான் விற்றார்கள். வானத்திலிருந்து விழவில்லை. "இருவது வருசமா ஒண்டும் நடக்கேல்லை" என்பது அதற்கடுத்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் பூட்டியவர்களும், எரிகிற நாளுக்கு முதல் நாள் வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். "எல்லார் வீட்டிலயும் இதுதான்" என்பார் இன்னொருவர். ஓம், எல்லார் வீட்டிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் இருந்ததும் ஒரு காலம்தான்.

கணக்கு வேணுமா? அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான ஆண்டுகளை வைத்துச் சொன்னது: அந்த நாட்டின் வீடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 ட்றையர் தீ விபத்துகள், 5 சாவு, 100 பேருக்குக் காயம், 3.5 கோடி டொலர் சொத்து நட்டம். காரணங்களில் முதலிடம் சுத்தம் செய்யாமல் விட்டது, 34 வீதம். குளிர்காலத்தில் இந்த விபத்துகள் கூடும், ஜனவரியில் உச்சம். எங்களுக்கோ வருடத்தில் பாதி ஜனவரிதான்.

சரி, குழாயில் அப்படி என்ன இருக்கிறது? ட்றையர் வெளியே தள்ளுவது வெறும் காற்று அல்ல. சூடு, நனைந்த உடுப்பிலிருந்து வந்த நீராவி, கூடவே பஞ்சு. கதவடியில் உள்ள வலை எல்லாப் பஞ்சையும் பிடிப்பதில்லை. தப்பியது குழாய்க்குள் போகிறது. உள்பக்கம் வழுவழுப்பான தகரக் குழாயானால் காற்றோடு அள்ளுப்பட்டு வெளியே போய்விடும். மடிப்புக் குழாயானால் ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் தங்கும். அதன்மேல் ஈரம் பட்டால் ஒட்டும், ஒட்டியதன்மேல் இன்னும் ஒட்டும். வழி குறுகக் குறுகக் காற்று மந்தமாகும், மெஷினுக்குள் சூடு தேங்கும். உடுப்பு காயவில்லை என்று நாங்கள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை ஓடவிடுவோம். சூடு இன்னும் ஏறும். ஒரு நாள் உள்ளே பஞ்சு பற்றிக்கொண்டால், தகரக் குழாய் அந்தத் தீயைக் கொஞ்ச நேரமாவது தனக்குள் வைத்திருக்கும். கொத்து ரொட்டிப் பார்சல் சுற்றுகிற தாளுக்கு அண்ணன் தம்பி முறையான வெள்ளித்தாள் குழாயோ உடனே ஓட்டை விழுந்து தீயைச் சுவருக்குக் கொடுத்துவிடும்.

ஆக, வேண்டியது என்ன? உள்ளே வழுவழுப்பான, நான்கு அங்குல விட்டமுள்ள உலோகக் குழாய். மெஷினிலிருந்து சுவர் வரையுள்ள சின்னத் துண்டுக்கு மட்டும், வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் கனமான அலுமினியக் குழாய் போடலாம். அதையும் நீட்டி இழுத்து, மிச்சத்தை வெட்டிவிட்டுப் போடவேணும். பிறகு உதவும் என்று சுருட்டி வைக்கக் கூடாது. அமெரிக்க விதிகள் இந்தத் துண்டை எட்டு அடிக்கு மேல் போக விடுவதில்லை. ஒரே துண்டாக இருக்கவேணும், சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ ஒளிக்கவும் கூடாது. நிரந்தரக் குழாய் மொத்தம் 35 அடி. 90 பாகை மூலை ஒன்று வைத்தால் அதில் ஐந்து அடியைக் கழி. பேஸ்மென்ற்றில் வாடகைக்கு அறை கட்டுவதற்காக ட்றையரை வீட்டின் நடுவுக்குத் தள்ளி, மூன்று மூலை திருப்பி, முன்பக்கம் கொண்டுபோகிறவர்கள் இந்தக் கழித்தலை ஒருமுறை செய்து பார்க்கட்டும். மெஷினுக்குப் பின்னால் இடமில்லை என்பது சாட்டு. அதற்கென்றே தட்டையான, நீளம் கூட்டிக் குறைக்கிற உலோகப் பெட்டிக் குழாய் விற்கிறார்கள்.

மூட்டு போடுவதிலும் எங்கள் கைவண்ணம் தனி. நீளத் திருகாணியை உள்ளே அரை அங்குலம் துருத்த விடுவோம். பஞ்சு பிடிக்க அதைவிட நல்ல கொக்கி எது? குறுகிய முனை காற்று போகும் திசையை, அதாவது வெளிப்பக்கத்தைப் பார்க்கவேணும் என்பது தெரியாமல் தலைகீழாகச் செருகுவோம். பிறகு எல்லாப் பாவத்தையும் டக்ட் ரேப்பால் மூடுவோம். கலிபோர்னியாவின் லோரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுகூடம் 1998-இல் காற்றுக் குழாய் மூட்டுகளை ஒட்டும் பொருள்களைச் சூட்டில் வைத்துச் சோதித்தபோது, மோசமாகக் கைவிட்டது இந்தத் துணி ரேப்தான். ட்றையர் குழாய்க்கு அலுமினிய ரேப் ஒட்டவேணும், மெஷினடியில் உலோகக் கிளாம்ப் போடவேணும். இரண்டுமே கடையில் அதே தட்டில், ஒரு முழம் தள்ளித் தொங்கும்.

வெளிவாசலுக்கு வாருங்கள். குருவி கூடு கட்டுகிறது என்று வலை அடிக்கிறார்கள். பஞ்சு வந்து வலையில் நிற்கும், வாசல் அடைபடும். அதனால்தான் விதிகள் வலையைத் தடுக்கின்றன. இன்னும் சிலர் குளிர்காலத்தில் குழாயை வெளியே விடுவதே வீண் செலவு என்று, முனையில் பழைய காலுறை ஒன்றைக் கட்டி வீட்டுக்குள்ளேயே விடுகிறார்கள். இலவசச் சூடாம்! அந்த இலவசத்தோடு வரும் ஈரத்தில் சுவர் பூஞ்சணம் பிடிக்கும். எரிவாயு ட்றையரானால் காபன் மொனொக்சைட்டும் கூட வரும். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் எரிவாயுக் கணப்பின் வெளியேற்றுக் குழாய் அடைபட்டதில் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் அந்தக் குடும்பத்தின் பெயரில் ஹோக்கின்ஸ் கின்யாக் சட்டம் வந்து, 2014 ஒக்ரோபரிலிருந்து காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி வீடுகளில் கட்டாயமானது. அங்கேயும் பிரச்சினை ஒரு குழாய்தான். பைப் எண்டா பைப்தானே?

வாடகைக்கு விடுகிறவர்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மேலே வீட்டுக்காரருக்குக் குவாட்ஸ் கல் மேசை. கீழே மாணவப் பிள்ளைகள் நாலு பேருக்கு, யாரோ வீசிய பழைய ட்றையர், அதோடு வந்த அதே வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய். வாடகை மட்டும் புதிது. வெளியேற ஒரே ஒரு படிக்கட்டு, அந்தப் படிக்கட்டடியில் மெஷின். "பிள்ளையள் கவனமா இருப்பினம்" என்கிறார் வீட்டுக்காரர். பிள்ளைகள் கவனமாகத்தான் இருக்கிறார்கள், உடுப்பு காய இரண்டு மணித்தியாலம் எடுக்கிறது என்று போன மாதமே சொல்லியும் விட்டார்கள். அது குழாய் அடைபட்டதன் அறிகுறி என்று தெரியாத வீட்டுக்காரர், கரண்ட் காசு கூடுகிறது என்று பிள்ளைகளிடமே பாய்கிறார்.

வீடு வாங்குகிறவர்கள் இதைவிட ஒரு படி மேல். சமையலறையில் தீவு மேசை இருக்கிறதா, வாசல் கிழக்குப் பார்க்கிறதா, எண் கூட்டினால் எட்டு வருகிறதா எல்லாம் பார்ப்பார்கள். ட்றையரை இழுத்துப் பின்னால் பார்த்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. விற்கிறவரின் முகவரும் பார்ப்பதில்லை. அவருக்கு அந்த மூலையில் ஒரு பூச்சாடி வைத்தால் போதும்.

இன்னொரு கோபமும் இருக்கிறது. இந்த மெஷினே இவ்வளவு தேவையா? வட டகோட்டாவைச் சேர்ந்த ரோஸ் மூர் என்பவர், பனிக்குளிரில் தாயார் வெளியே துணி விரிப்பதைப் பொறுக்காமல் ட்றையர் செய்யத் தொடங்கினார். அது 1938-இல் விஸ்கொன்சினில் தொழிற்சாலைப் பொருளாக வெளிவந்தது. அவருக்கு நியாயமான காரணம் இருந்தது. யூலை மாதத்தில், முப்பது பாகை வெயில் கொட்டுகிற பின்வளவை யன்னலால் பார்த்துக்கொண்டே ட்றையர் போடுகிற எங்களுக்கு என்ன காரணம்? ஒன்ராறியோவில் துணிக்கொடிக்குப் போட்டிருந்த தடைகளை 2008 ஏப்ரலில் மாகாண அரசே செல்லாமல் ஆக்கியது. தனி வீடு, இரட்டை வீடு, வரிசை வீடு எதுவானாலும் கொடி கட்டலாம். யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் கொடி கட்டி வளர்ந்த நாங்கள்தான் இங்கே அதைக் கட்ட வெட்கப்படுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று பயம். அவர் பின்வளவில் கொடி கட்டித் தோய்த்த படங்கு காயப்போட்டிருப்பது எங்கள் கண்ணில் படாது.

ஆனாலும் பனிக்காலத்துக்கு மெஷின் வேண்டும்தான். வேண்டுமென்றால் ஒழுங்காகப் பூட்டுங்கள். ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க நிபுணர் தேவையில்லை. ட்றையர் ஓடும்போது வெளியே போய்ப் பாருங்கள். சுவர் மூடியின் சிறகு நன்றாக விரிந்து நிற்க வேண்டும். காற்று கையில் உறைக்க வேண்டும். சிறகு சோம்பிக் கிடந்தால், பனி அதை மூடியிருந்தால், சாதாரண உடுப்பு ஒரு ஓட்டத்தில் காயவில்லை என்றால், மெஷினின் மேற்தகடு கைவைக்க முடியாமல் சுட்டால், குழாய் அடைபட்டிருக்கிறது. பைப் பூட்டிய அண்ணையிடம் கேட்டால் "மெஷின் பழசாப் போச்சு, புதுசு வாங்குங்கோ" என்பார். புது மெஷினுக்கும் அதே வெள்ளித்தாள் குழாயைத்தான் பூட்டுவார், அதே ரேப்பால்தான் ஒட்டுவார்.

வருகிற சனிக்கிழமை மின்செருகியைக் கழற்றிவிட்டு ட்றையரை முன்னால் இழுங்கள். எரிவாயு ட்றையரானால் நீங்கள் தொடாமல் உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். பின்னால் வெள்ளைப் பிளாஸ்டிக் இருந்தாலும், வெள்ளித்தாள் இருந்தாலும் கழற்றிக் குப்பையில் போடுங்கள், இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். உலோகக் குழாய் போடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை கழற்றித் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் கதவடி வலையைச் சுத்தம் செய்யுங்கள். ட்றையரை ஓடவிட்டுவிட்டு நித்திரைக்குப் போகாதீர்கள், வெளியேயும் போகாதீர்கள். ஒரு பேஸ்மென்ற்றையாவது வாடகைக்கு விட்டிருந்தால், உங்கள் வீட்டில் செய்ய முதல் அங்கே போய் இதைச் செய்யுங்கள்.