சுவர் எழுந்தது, நிலம் யாருடையது?

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி மலையகத்தைச் சின்னாபின்னமாக்கிற்று. பதுளை மாவட்டத் தோட்டமொன்றில் வாழும் எம் தாய்மாமனின் லயக் காம்பரா மண்சரிவில் ஒரு சுவரை இழந்தது. விடுமுறையில் நாம் சென்றோம். சேற்றை வாரினோம், கல் அடுக்கினோம், தகரம் வேய்ந்தோம்.

'உறவென்றால் இதுவன்றோ!' என மெச்சினர் சிலர். மெச்சுதற்கு இதில் என்ன இருக்கிறது? நாம் எழுப்பிய சுவர் அதே சரிவின் அடியிலேயே நிற்கிறது. வேறிடத்தில் வீடு கட்ட மாமாவுக்கு ஒரு பேர்ச் காணியும் இல்லை. நாற்பது ஆண்டுகள் கவ்வாத்து வெட்டிய கையில் ஓர் உறுதி இல்லை!

'இயற்கையின் சீற்றம்' என்பர். மழை எல்லோர்மீதும் பெய்தது, உண்மைதான். ஆயின், சரிவின் அடியில் மனிதரைக் குடியிருத்தியது மழையன்று. வெள்ளைத் துரைமார் லயம் கட்டினர். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கிற்று. பின்னர் பிரசாவுரிமை கிட்டிற்று. காணியுரிமையோ இன்றும் பெரும்பாலோர்க்கு எட்டாக்கனி.

உறவினரின் தோள் சுவரைத் தாங்கலாம், உரிமைக்கு ஈடாகாது. உறவின் கருணையைப் போற்றுவோர் அரசின் கடமையைப் பற்றி வாய்திறவாதது ஏன்? ஆசிரியர்களே, மாணவர்களே! மண்வெட்டியோடு செல்வோம், அத்தோடு நில்லாது, பாதுகாப்பான இடத்தில் காணியும் அதற்கு உறுதியும் அம்மக்களோடு நின்று கேட்போம்.