உடம்பெல்லாம் வலித்தால் ஊசி தீர்வாகாது

எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றிலும் ‘நார்மல்’. ஆனாலும் கழுத்திலிருந்து கணுக்கால்வரை வலி, தூங்கி எழுந்தும் தீராத அசதி. இது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்கக்கூடும். உலகில் நூறு பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணிக்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளிலும் சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளிலும் உழைத்துவிட்டு வந்து அடுப்படியிலும் நிற்கும் பெண்ணுக்கு, “வேலை செஞ்சா வலிக்கத்தான் செய்யும்” என்ற பதிலோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அவள் சொல்வதை முதலில் நம்ப வேண்டும்.

இந்த நோயில் மூட்டு வீங்குவதில்லை, எலும்பு தேய்வதில்லை. மூளையும் தண்டுவடமும் வலி உணர்வைப் பல மடங்காகப் பெருக்கிவிடுகின்றன. லேசாக அழுத்தினாலே அடிபட்ட இடம்போல் நோகிறது. அதனால்தான் வீக்கத்தைக் குறைக்கும் டைக்ளோஃபினாக் போன்ற மருந்துகள் இதில் பெரிதாகப் பலிப்பதில்லை. பலிக்காததால் ஒரு மாத்திரை இரண்டாகிறது, பிறகு ஊசி, சில இடங்களில் ஸ்டீராய்டு. டைக்ளோஃபினாக் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து. ஆனால் மெடிக்கலில் கேட்டு வாங்கித் தின்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. விலையாகக் குடற்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வருகின்றன. ஸ்டீராய்டோ சர்க்கரையை ஏற்றி எலும்பை மெலியச் செய்யும்.

எது பலிக்கும்? ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டது உடற்பயிற்சி ஒன்றுதான். குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், பிரிகாபலின் ஆகியவை சிலருக்கு உதவும். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் தரப்படுவதால் “எனக்கென்ன பைத்தியமா?” என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. வலிக்காகத்தான் தருகிறோம் என்று மருத்துவர் உட்காரவைத்துச் சொன்னால் இது நேராது.

நடக்கவே நோகிறவரை நடக்கச் சொல்வது கொடுமையில்லையா என்ற கேள்வி நியாயமானது. ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். முதல் சில வாரங்கள் வலி சற்றுக் கூடலாம். இதை மருத்துவர் சொல்வதைவிட, அந்த வாரங்களைத் தாண்டி வந்த இன்னொரு பெண் சொன்னால் மனதில் நிற்கும். நோயாளிகள் ஒன்றுகூடும் குழு தேவை என்று நாம் சொல்வது இதற்காகவே.

அதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் நம் பக்கத்து மாவட்டமான தருமபுரியில்தான் வேர்விட்டன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் அந்தக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுபோகும் அவர்கள், நாள்பட்ட வலியைப் பற்றியும் கேட்கட்டும். அத்திட்டத்தின் இயன்முறை மருத்துவர்கள் மாதம் ஒருமுறையாவது ஊர்ச் சமுதாயக் கூடத்தில் இந்நோயாளிகளைக் கூட்டிப் பயிற்சி தரட்டும்.

சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையிலும் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியிலும் பொது மருத்துவம், இயன்முறை, மனநலம் மூன்றும் வாரம் ஒரு நாள் ஒரே இடத்தில் நாள்பட்ட வலியைப் பார்க்க வேண்டும். அந்த நாள் ஊரெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தைராய்டு, முடக்குவாதம் போன்றவை இல்லையென்று உறுதிசெய்தபின் நோயின் பெயரைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். 2022 முதல் நடப்பில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் நாள்பட்ட வலியையே தனி நோயாக ஏற்றிருக்கிறது. சீட்டில்லாத வலி மருந்து விற்பனையை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இனியும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மாதக்கணக்கில் உடம்பெங்கும் வலியோடு இருப்பவர்கள் அடுத்த ஊசிக்கு முன் அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குச் செல்லுங்கள். இதுவரை தின்ற மாத்திரைகளின் அட்டைகளையும் தவறாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.