நெஞ்செரிச்சல் மருந்தும் உயிர் காக்கும் மாத்திரையும்

கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இரவு ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளிக்கு நெஞ்சு எரிகிறது. விடியுமுன் வெறும் வயிற்றோடு நடவுக்குப் போகும் திருவள்ளூர் விவசாயத் தொழிலாளிக்கும் இதே கதிதான். மருந்துக் கடையில் ஜெலுசிலோ டைஜீனோ வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறோம்.

எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடும் தோழர்களுக்கு இதில் ஓர் அபாயம் உண்டு. 2004 ஏப்ரல் முதல் சர்க்கார் இம்மருந்தை இலவசமாகத் தருகிறது. இப்போது பெரும்பாலோருக்குத் தரப்படும் மாத்திரையில் டொலுடெக்ராவிர் என்ற மருந்து சேர்ந்திருக்கிறது. நெஞ்செரிச்சல் மருந்தில் உள்ள அலுமினியமும் மக்னீசியமும் அதைக் குடலிலேயே பிடித்துக்கொள்கின்றன. மருந்து ரத்தத்தில் சேருவது குறைகிறது. அடங்கிக் கிடந்த கிருமி தலைதூக்குகிறது.

தப்பும் வழி சுலபமானது. நெஞ்செரிச்சல் மருந்துக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ இந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டும். இரவு 9 மணிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் பகல் 3 மணிக்குள் ஜெலுசில் குடிக்கலாம். அல்லது இரவு 11 மணிக்குமேல் குடிக்கலாம். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே கணக்குதான். உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால் மட்டும் இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடலாம். ஒமெப்ரசோல் டொலுடெக்ராவிரைக் கெடுப்பதில்லை. ஆனால் அட்டாசனாவிர் சாப்பிடுவோருக்கு அது ஆகாது. எதுவானாலும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டுச் செய்யுங்கள். நெஞ்செரிச்சலுக்குப் பயந்து உயிர் காக்கும் மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

இவ்வளவு எளிய விஷயம் தொழிலாளிக்கு ஏன் எட்டவில்லை? பயம்தான் காரணம். நோய் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று காண்ட்ராக்ட் தொழிலாளி வாய் மூடிக் கிடக்கிறான். ஆனால் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், நோயைக் காட்டி வேலையைப் பறிப்பதையும், வேலை தருவதற்கு ரத்தப் பரிசோதனையை நிபந்தனையாக்குவதையும் தடுக்கிறது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் புகார் அதிகாரி இருந்தாக வேண்டும். அவர் யார் என்று ஒவ்வொரு ஆலை வாசலிலும் சங்கம் கேட்க வேண்டும்.

நாம் கோருவது அதிகமில்லை. ஷிப்ட் நேரத்தில் சூடான சாப்பாடும் அதைச் சாப்பிட அவகாசமும் வேண்டும். மருந்து கொடுக்கும் இடத்தில் இந்த நேரக் கணக்கைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். சட்டம் ஏட்டிலிருந்து ஆலைக்குள் வர வேண்டும்.

சந்தேகமிருந்தால் 1097 என்ற இலவசத் தொலைபேசியில் கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள். நோய் வந்தவனை ஒதுக்குவது தொழிலாளி வர்க்கத்தின் வழக்கமல்ல. தோள் கொடுப்பதே நமது வழக்கம்.